சுமையே இல்லாமல் 2 ஆம்பியர் காட்டிய மீட்டர்: ஓப்-ஆம்ப்பின் ஆஃப்செட், காமன் மோட் பிழைகளை முன்கூட்டியே கணக்கிடுவது எப்படி

வீட்டு மாடியில் ஒரு சின்ன சோலார் பேனல், கீழே 12 வோல்ட் பேட்டரி. பேட்டரியிலிருந்து விளக்குகளுக்கு எவ்வளவு கரன்ட் போகிறது என்று பார்க்க ஒரு ஷண்ட் (கரன்ட் போகும் வழியில் தொடராகப் போடும் மிகச் சிறிய ரெசிஸ்டர்), ஒரு எல்எம்358 (ஓப்-ஆம்ப் சிப்), நாலு ரெசிஸ்டர், ஒரு ஆர்டுயினோ. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்றுதான் ஆரம்பித்தேன். ஐந்து வாரம் இழுத்தது. சுமையைக் கழற்றி வைத்தாலும் மீட்டர் 2 ஆம்பியர் காட்டியது. சரி, அந்த 2ஐ மென்பொருளில் கழித்துவிடலாம் என்று கழித்தேன். இரவு முழுக்க ஒழுங்காக இருந்தது. மறுநாள் மதியம் அரை ஆம்பியர் தப்பு. இரவில் மறுபடி சரி.

சிப்பை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், ஆர்டுயினோவையே மாற்றினேன். கடைசியில் ஒரு காகிதத்தில் அரை மணி நேரம் கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது: அந்த மீட்டர் எவ்வளவு தப்பாகக் காட்ட வேண்டுமோ அவ்வளவுதான் காட்டியிருக்கிறது. எல்லாம் சிப்பின் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத் தாளில்) எழுதியே இருந்தது. அந்த அரை மணி நேரத்தை நீங்கள் முதலிலேயே செலவழித்துவிடுங்கள். ஓப்-ஆம்ப்பின் கெயின் சூத்திரமும் ஓம் விதியும் தெரிந்திருந்தால் இதற்குப் போதும்.

1. முதலில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

டேட்டாஷீட். அதுவும் நீங்கள் வாங்கப்போகும் சிப்பைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கியது. பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். வெறும் எல்எம்358க்கு ஆஃப்செட் (இரண்டு உள்ளீடும் சமமாக இருக்கும்போதும் சிப் இருப்பதாகக் காணும் சின்ன வித்தியாச மின்னழுத்தம்) 25 டிகிரியில் அதிகபட்சம் 7 மில்லிவோல்ட், எல்எம்358ஏ என்றால் 3 மில்லிவோல்ட். ஒரு எழுத்தில் பாதிக்கு மேல் பிழை குறைகிறது. நான் 'ஏ' டேட்டாஷீட்டை வைத்துக்கொண்டு வெறும் 358ஐ மாட்டியிருந்தேன்.

சிமுலேஷனுக்கு எல்டிஸ்பைஸ். இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

அளப்பதற்கு, 0.1 மில்லிவோல்ட் வரை காட்டும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், மூன்று 9 வோல்ட் பேட்டரி, ஒரு பிரெட்போர்டு, 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள். மல்டிமீட்டர் ஏற்கெனவே இருந்தால் மற்றதெல்லாம் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

நேரம்: காகிதக் கணக்கு அரை மணி, மாடல் செய்ய ஒரு மாலை, அளந்து பார்க்க ஒரு மணி நேரம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நேராக சிமுலேஷனுக்குப் போனால், வரும் எண் சரியா தப்பா என்று சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது.

2. டேட்டாஷீட்டில் ஆறு வரி மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்

டேட்டாஷீட் நாற்பது பக்கம் இருக்கும். பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியது ஆறு வரி. எல்எம்358க்கு நான் எழுதிக்கொண்டது இது:

உள்ளீட்டு ஆஃப்செட்: அதிகபட்சம் 7 மில்லிவோல்ட்.
வெப்பத்தோடு ஆஃப்செட் நகர்வது: டிகிரிக்குச் சுமார் 7 மைக்ரோவோல்ட்.
உள்ளீட்டு பயாஸ் கரன்ட் (உள்ளீட்டுக் கால்களில் ஓடும் சின்ன கரன்ட்): அதிகபட்சம் 250 நானோஆம்பியர்.
இரண்டு உள்ளீடுகளின் பயாஸ் கரன்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்: அதிகபட்சம் 50 நானோஆம்பியர்.
காமன் மோட் (இரண்டு உள்ளீட்டுக்கும் பொதுவான மின்னழுத்தம்) எல்லை: 0 முதல், மேல் சப்ளையை விட 1.5 வோல்ட் கீழே வரை.
சிஎம்ஆர்ஆர் (காமன் மோட் மின்னழுத்தத்தைச் சிப் எத்தனை மடங்கு ஒதுக்குகிறது என்ற விகிதம்): குறைந்தபட்சம் 65 டெசிபெல்.

'டிபிக்கல்' (வழக்கமான மதிப்பு) என்ற நெடுவரிசையைக் கையால் மூடிக்கொண்டு எழுதுங்கள். டிபிக்கல் ஆஃப்செட் 2 மில்லிவோல்ட் என்று போட்டிருப்பார்கள், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். உங்கள் கையில் இருக்கும் சிப் அப்படி இருந்தாக வேண்டும் என்று தயாரிப்பாளர் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆஃப்செட்டுக்கு அதிகபட்சம், சிஎம்ஆர்ஆருக்குக் குறைந்தபட்சம், இவைதான் வாக்கு. வெப்ப நகர்வுக்கு மட்டும் இந்தச் சிப்பில் டிபிக்கல் எண்தான் கிடைக்கிறது. வேறு வழியில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

நிபந்தனை என்று ஒரு சின்ன எழுத்து நெடுவரிசை உண்டு. எந்த சப்ளையில், எந்தக் காமன் மோட் மின்னழுத்தத்தில் அந்த ஆஃப்செட்டை அளந்தார்கள் என்று அங்கே இருக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான்காவது படியில் தேவைப்படும்.

டெசிபெல்லைப் பார்த்து மலைக்க வேண்டாம். 20ஆல் வகுத்து 10இன் அடுக்காகப் போட்டால் சாதாரண எண் வந்துவிடும். 60 என்றால் 1,000. 65 என்றால் சுமார் 1,780. 80 என்றால் 10,000. 100 என்றால் ஒரு லட்சம். சிஎம்ஆர்ஆர் 1,780 என்றால் அர்த்தம் இதுதான்: இரண்டு உள்ளீடும் சேர்ந்தாற்போல் 1,780 மில்லிவோல்ட் ஏறினால், ஆஃப்செட் 1 மில்லிவோல்ட் நகரும். காமன் மோட் பிழையை 'இடம் பெயரும் ஆஃப்செட்' என்று நினைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

3. சிப்பின் கால்களில் எத்தனை வோல்ட் என்று முதலில் பாருங்கள்

எந்தப் பிழைக் கணக்குக்கும் முன்னால் இது ஒரு பாஸ்/ஃபெயில் கேள்வி. என் சர்க்யூட்டையே எடுத்துக்கொள்வோம். பேட்டரியின் பிளஸ் பக்கத்தில் 10 மில்லிஓம் ஷண்ட். 10 ஆம்பியர் போனால் அதன் குறுக்கே 100 மில்லிவோல்ட். அதை 20 மடங்கு பெருக்க நாலு ரெசிஸ்டர் போட்ட வித்தியாசப் பெருக்கி: இரண்டு 10 கிலோஓம், இரண்டு 200 கிலோஓம். பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14 வோல்ட் என்று வையுங்கள்.

ஓப்-ஆம்ப்பின் பிளஸ் காலில் வருவது 14 × 200 ÷ 210, அதாவது 13.3 வோல்ட். சிப்புக்கும் அதே பேட்டரிதான் சப்ளை என்றால், எல்லை 14 − 1.5 = 12.5 வோல்ட். தாண்டிவிட்டது. ஃபெயில். இனி வெளியீடு எப்படி இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். என்னுடையது சில நேரம் சரியாகவும் சில நேரம் எங்கோ ஒட்டிக்கொண்டும் நின்றது. அதனால்தான் ஒரு வாரம் ஒயரைச் சந்தேகப்பட்டேன்.

இங்கே பலரும் விழும் பள்ளம்: 'ரெசிஸ்டர்கள் பிரித்துக் குறைத்துவிடும், பிரச்சினை இல்லை.' கெயின் 1 என்றால் உண்மை, பாதியாகக் குறையும். கெயின் 20 என்றால் இருபத்தொன்றில் ஒரு பங்குதான் குறைகிறது.

எல்லை சிப்புக்குச் சிப்பு மாறும். எல்எம்358 கீழே தரை (0 வோல்ட்) வரை இறங்கும், மேலே ஏறாது. ஓபி07 இரண்டு பக்கமும் ஓரிரு வோல்ட் இடைவெளி கேட்கும். ஆகவே ஒற்றை சப்ளையில், தரையோடு ஒட்டிய சிக்னலுக்கு 'இன்னும் துல்லியமானது' என்று நம்பி ஓபி07ஐ மாட்டினால் முன்னைவிட மோசமாகும். கால் வரிசை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து மாட்டிவிட்டு விழித்தவன் நான். பழைய டிஎல்072இல் இன்னொரு வேடிக்கை: உள்ளீடு கீழ் எல்லைக்கு வெளியே போனால் வெளியீடு தலைகீழாகத் திரும்பிவிடும். இறங்க வேண்டிய நேரத்தில் உச்சிக்கு ஏறும்.

நான் கண்ட தற்காலிகத் தீர்வு, ஒரு பூஸ்ட் மாட்யூல் (மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் பலகை) வைத்து சிப்புக்கு 24 வோல்ட் கொடுத்தது. எல்லை 22.5 ஆகிவிட்டது, பாஸ். ஆனால் எச்சரிக்கை: இப்போது சிப்பின் வெளியீடும் இருபது வோல்ட்டுக்கு மேல் ஏற முடியும். ஆர்டுயினோவின் கால் 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நடுவில் ஒரு ரெசிஸ்டரும் கிளாம்ப் டயோடும் (மின்னழுத்தம் எல்லை தாண்டாமல் பிடித்து வைப்பது) போடாமல் இணைக்காதீர்கள். ஆர்டுயினோவை மாற்றினேன் என்று மேலே சொன்னேனே, காரணம் இதுதான்.

4. காகிதத்தில் மூன்று கணக்கு

மூன்றையும் தனித்தனியாகப் போடுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஆம்பியராக மாற்றுங்கள், அப்போதுதான் உறைக்கும். இந்த சர்க்யூட்டில் வெளியீட்டில் 200 மில்லிவோல்ட் என்றால் 1 ஆம்பியர்.

முதலாவது, ஆஃப்செட். 7 மில்லிவோல்ட்டை 20ஆல் பெருக்காதீர்கள். ஆஃப்செட் ஓப்-ஆம்ப்பின் காலிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பெருக்கம் 1 + 20 = 21. ஆக 147 மில்லிவோல்ட், 0.74 ஆம்பியர். பயாஸ் கரன்டின் பங்கு சிறியது. இரண்டு பக்கமும் ஒரே மதிப்புள்ள ரெசிஸ்டர்கள் இருப்பதால் 250 நானோஆம்பியர் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். மிஞ்சுவது வித்தியாசமான 50 நானோஆம்பியர் × 200 கிலோஓம் = 10 மில்லிவோல்ட், 0.05 ஆம்பியர்.

இரண்டாவது, சிப்பின் காமன் மோட் பிழை. எல்எம்358இன் ஆஃப்செட் காமன் மோட் எல்லையின் அடிமட்டத்தில், அதாவது தரையில் அளக்கப்பட்டது என்று வைத்துக்கொண்டால், நாம் அங்கிருந்து 13.3 வோல்ட் மேலே இருக்கிறோம். 13.3 ÷ 1,780 = 7.5 மில்லிவோல்ட். மறுபடி 21ஆல் பெருக்கினால் 157 மில்லிவோல்ட், 0.79 ஆம்பியர்.

மூன்றாவது, ரெசிஸ்டர்கள். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை, பெரிய பிழை வருவதும் இதில்தான். நாலு ரெசிஸ்டரும் துல்லியமாகப் பொருந்தினால் மட்டுமே இரண்டு பக்கத்துக்கும் பொதுவான 14 வோல்ட் அடிபட்டுப்போகும். பொருந்தாவிட்டால், மிக மோசமான நிலையில் அந்தச் சர்க்யூட்டின் சிஎம்ஆர்ஆர் = (1 + கெயின்) ÷ (4 × ரெசிஸ்டரின் பிழை விகிதம்). 1 சதவீத ரெசிஸ்டருக்கு 21 ÷ 0.04 = 525. வெறும் 54 டெசிபெல். 14 வோல்ட்டை 525ஆல் வகுத்தால் 26.7 மில்லிவோல்ட். ஷண்டில் அது 2.67 ஆம்பியர்!

என் மர்மமான 2 ஆம்பியர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? முக்கியக் குற்றவாளி சிப் இல்லை. ஒன்றிரண்டு ரூபாய் ரெசிஸ்டர்கள்.

மூன்றும் பயாஸும் ஒரே திசையில் சேர்ந்தால் 4.2 ஆம்பியருக்கு மேல் தப்பும். 10 ஆம்பியர் மீட்டரில்.

மதியத்து மர்மமும் இங்கேயே அவிழ்கிறது. ஆஃப்செட் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், ஒருமுறை அளந்து கழித்தால் போதும். காமன் மோட் பிழை பேட்டரியோடு சேர்ந்து ஏறி இறங்கும். இரவில் 12 வோல்ட், மதியம் வெயிலில் 14.4. அந்த 2.4 வோல்ட்டை 525ஆல் வகுத்தால் 4.6 மில்லிவோல்ட், கிட்டத்தட்ட அரை ஆம்பியர். இரவில் பூஜ்யம் பிடித்தால் மதியம் தப்பும், மதியம் பிடித்தால் இரவில் தப்பும்.

இன்னொரு பொறி. பிழை மைனஸ் பக்கம் விழுந்தால், ஒற்றை சப்ளையில் வெளியீடு தரைக்குக் கீழே போக முடியாது. மீட்டர் அழகாகப் பூஜ்யம் காட்டும். 'ஆஹா, பிழையே இல்லை' என்று நினைப்பீர்கள். உண்மையில் முதல் ஒன்றிரண்டு ஆம்பியரை அது பார்க்கவே இல்லை. ஆகவே பூஜ்யம் காட்டும் மீட்டரை நம்புவதற்கு முன் ஒரு சின்ன சுமையை, அரை ஆம்பியர் போதும், மாட்டிப் பாருங்கள்.

5. மாடல்: நல்ல ஓப்-ஆம்ப்புக்குக் குறைகளை மாட்டுவது

கணக்குத்தான் போட்டாயிற்றே, மாடல் எதற்கு? ரெசிஸ்டர், வெப்பம், பேட்டரி மூன்றும் ஒரே நேரத்தில் மாறும்போது கை வலிக்கும், அதற்காக.

தயாரிப்பாளர் தரும் மாடல் கோப்பை அப்படியே நம்ப வேண்டாம். அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். எதையெல்லாம் மாடல் செய்திருக்கிறோம், எதையெல்லாம் செய்யவில்லை என்று மேலே குறிப்பு எழுதியிருப்பது வழக்கம். பல மாடல்களில் ஆஃப்செட் டிபிக்கல் அளவில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. காமன் மோட் எல்லையைக் கண்டுகொள்ளாத மாடல்களும் உண்டு. மூன்றாவது படியில் ஃபெயில் ஆன என் சர்க்யூட் சிமுலேஷனில் ஜம்மென்று ஓடியது.

அதனால் நாமே செய்வோம். எல்டிஸ்பைஸில் யுனிவர்சல் ஓப்-ஆம்ப் என்று ஒரு பொதுவான சிப் இருக்கிறது. அதை எடுத்து, வெளியே மூன்று மூலங்களை மாட்டுகிறோம்.

(அ) ஆஃப்செட் மூலம். பிளஸ் காலுக்கு முன்னால் தொடராக ஒரு டிசி மூலம், மதிப்பு 7 மில்லிவோல்ட். வெளியீட்டில் மாட்டாதீர்கள். கெயினை மாற்றியதும் கணக்கு உடைந்துவிடும்.

(ஆ) காமன் மோட் மூலம். அதே காலில், முதல் மூலத்தோடு தொடராக, 'பிவி' என்ற பெயரில் இருக்கும் மூலத்தைப் போடுங்கள். அதன் மதிப்பாக ஒரு சூத்திரம் எழுதலாம். சூத்திரம் இது: இரண்டு உள்ளீடுகளின் கூட்டலில் பாதி, அதிலிருந்து டேட்டாஷீட் நிபந்தனையில் உள்ள காமன் மோட் மதிப்பைக் கழித்து, மீதியை சிஎம்ஆர்ஆர் எண்ணால் வகுக்க வேண்டும். எல்எம்358க்குக் கழிப்பது 0, வகுப்பது 1,780. ஓபி07 போன்றவற்றில் ஆஃப்செட்டை இரு சப்ளைகளுக்கு நடுவே அளந்திருப்பார்கள், அந்த நடுப்புள்ளியிலிருந்து கணக்கிட வேண்டும். டெசிபெல்லை அப்படியே 65 என்று போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன்.

(இ) பயாஸ் மூலங்கள். ஒவ்வொரு காலிலிருந்தும் தரைக்கு ஒரு கரன்ட் மூலம். ஒன்றில் பயாஸோடு வித்தியாசத்தின் பாதியைக் கூட்டுங்கள், மற்றதில் கழியுங்கள். திசை முக்கியம். எல்எம்358இன் உள்ளீட்டில் இருப்பது பிஎன்பி டிரான்சிஸ்டர். கரன்ட் காலிலிருந்து வெளியே வரும், உள்ளே போகாது.

எல்லையையும் மாடலுக்குச் சொல்லிவிடுங்கள். அதே பிவி சூத்திரத்தில் 'இஃப்' போட்டு, காமன் மோட் மேல் எல்லையைத் தாண்டினால் 1 வோல்ட் பிழை கூடட்டும் என்று எழுதுங்கள். நிஜத்தில் அப்படியே நடக்கும் என்பதற்காக அல்ல, எல்லை மீறினால் வரைபடம் கூச்சல் போட வேண்டும் என்பதற்காக.

ரெயில்-டு-ரெயில் (சப்ளையின் இரண்டு முனை வரைக்கும் வேலை செய்யும்) உள்ளீடு கொண்ட சிப் என்றால் ஒரு கூடுதல் வேலை. அவற்றில் பல, உள்ளே இரண்டு ஜோடி டிரான்சிஸ்டர் வைத்திருக்கும். கீழே ஒன்று, மேலே ஒன்று. மேல் சப்ளைக்கு ஒன்று முதல் ஒன்றரை வோல்ட் கீழே, ஒரு ஜோடியிலிருந்து மற்றதற்குக் கைமாறும்போது ஆஃப்செட் சட்டென்று தாவும். நேர்கோட்டு சிஎம்ஆர்ஆர் அதைப் பிடிக்காது. டேட்டாஷீட்டில் ஆஃப்செட்டுக்கும் காமன் மோடுக்கும் உள்ள வரைபடத்தைப் பார்த்து, ஐந்தாறு புள்ளிகளை அட்டவணையாக மாடலில் கொடுங்கள்.

எண்களை எழுதும்போது ஒரு பழம்பெரும் பொறி: ஸ்பைஸில் 'எம்' என்ற எழுத்து பெரியதோ சிறியதோ, எப்படி எழுதினாலும் மில்லிதான். மெகாவுக்கு 'மெக்' என்று மூன்றெழுத்தும் எழுத வேண்டும். 1 மெகாஓம் என்று நினைத்து 1 மில்லிஓம் போட்டுவிட்டு, சர்க்யூட்டையே குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

6. ஓட்டிப் பார்ப்பது

முதலில் மூன்று மூலங்களையும் பூஜ்யமாக்கி, ரெசிஸ்டர்களைத் துல்லியமாக வைத்து ஓட்டுங்கள். ஷண்டில் 100 மில்லிவோல்ட்டுக்கு 2 வோல்ட் வர வேண்டும். அடுத்து ஷண்டைப் பூஜ்யமாக்கி ஆஃப்செட்டை மட்டும் 7 மில்லிவோல்ட் ஆக்குங்கள். 147 வர வேண்டும். வராவிட்டால் காகிதத்திலோ மாடலிலோ ஒன்று தப்பு, மேலே போகாதீர்கள். இந்தச் சோதனைகளில் ஓப்-ஆம்ப்புக்கு பிளஸ், மைனஸ் இரண்டு சப்ளையும் கொடுத்துவிடுங்கள், மைனஸ் பிழையும் கண்ணில் படும். ஒற்றை சப்ளையைக் கடைசியில் மாட்டிக்கொள்ளலாம்.

அப்புறம் டிசி ஸ்வீப். ஷண்டில் கரன்ட் பூஜ்யம், பேட்டரியை 10இலிருந்து 15 வோல்ட் வரை நகர்த்துங்கள். வெளியீட்டின் கோடு எவ்வளவு சாய்கிறதோ, அதுதான் உங்கள் சர்க்யூட்டின் காமன் மோட் பிழை. கோடு எந்த உயரத்தில் கிடக்கிறது என்பதை மட்டும் பார்க்காதீர்கள். உயரத்தை மென்பொருளில் கழித்துவிடலாம், சாய்வை அப்படிக் கழிக்க முடியாது.

அடுத்தது மான்டே கார்லோ, அதாவது மதிப்புகளைப் பிழை எல்லைக்குள் தற்செயலாக மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டுவது. நாலு ரெசிஸ்டருக்கும் 'எம்சி' என்ற செயற்கூறில் மதிப்பையும் 1 சதவீதத்தையும் கொடுத்து 200 முறை ஓட்டினேன். ரெசிஸ்டரால் வரும் பிழை, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டங்களில் 0.8 ஆம்பியருக்குள் இருந்தது. 2 ஆம்பியரைத் தாண்டுவது இருநூறில் ஒன்றுதான் இருக்கும். என் பலகைக்கு அந்த அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது, இல்லையென்றால் சிப்பின் பிழையும் அதே திசையில் சேர்ந்துகொண்டது. இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு பலகை செய்கிறவர் மான்டே கார்லோவைப் பார்த்து ஆறுதல் அடையலாம். பத்துப் பேருக்குச் செய்து கொடுக்கிறவர் மோசமான நிலையைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

7. மூன்று பேட்டரியில் நிஜ சிப்பை அளப்பது

மாடலில் போட்ட எண் கையில் உள்ள சிப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஓப்-ஆம்ப்பின் வெளியீட்டிலிருந்து மைனஸ் காலுக்கு 100 கிலோஓம், மைனஸ் காலிலிருந்து தரைக்கு 100 ஓம், பிளஸ் காலிலிருந்து தரைக்கு இன்னொரு 100 ஓம். கெயின் 1,001. வெளியீட்டில் எத்தனை வோல்ட்டோ அத்தனை மில்லிவோல்ட் ஆஃப்செட், அவ்வளவுதான். சிப்பில் இருக்கும் இரண்டாவது ஓப்-ஆம்ப்பை அந்தரத்தில் விடாமல், வெளியீட்டை மைனஸ் காலோடு சேர்த்து, பிளஸ் காலைத் தரையில் கட்டிவிடுங்கள்.

சப்ளைக்கு மூன்று 9 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணையுங்கள், மொத்தம் 27 வோல்ட். எல்எம்358 32 வரை தாங்கும். பேட்டரிகளுக்கு நடுவே இரண்டு சந்திப்புகள் இருக்கும். சர்க்யூட்டின் தரையைக் கீழ்ச் சந்திப்பில் மாட்டி வெளியீட்டை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே தரை ஒயரைக் கழற்றி மேல் சந்திப்பில் மாட்டுங்கள். சப்ளை மொத்தம் மாறவில்லை, ஆனால் சிப்பின் பார்வையில் இரண்டு உள்ளீடும் சேர்ந்து 9 வோல்ட் ஏறிவிட்டன. இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை 1,001ஆல் வகுத்தால் ஆஃப்செட் எவ்வளவு நகர்ந்தது என்று வரும். 9 வோல்ட்டை அதனால் வகுத்தால் சிஎம்ஆர்ஆர். வித்தியாசம் அரை வோல்ட் என்றால் 18,000, அதாவது 85 டெசிபெல். வெளியீடும் சப்ளையைப் பொறுத்து நகர்வதால் ஓப்-ஆம்ப்பின் சொந்தப் பெருக்கப் பிழையும் இதில் கொஞ்சம் கலந்திருக்கும். எல்எம்358 போன்ற சிப்புக்கு அது பெரிய விஷயமில்லை, ஓபி07க்கு இந்தக் குறுக்கு வழி போதாது.

அளக்கும்போது சிப்பை விரலால் தொடாதீர்கள், மின்விசிறியை அணையுங்கள், மாட்டியதும் ஐந்து நிமிடம் காத்திருங்கள். மைக்ரோவோல்ட் கணக்குக்கு வந்துவிட்டால், இரண்டு உலோகம் சேரும் ஒவ்வோர் இடமும் வெப்பத்துக்கு ஏற்ப ஒரு குட்டி பேட்டரிபோல் நடந்துகொள்ளும்.

இந்தச் சோதனை எனக்கு இன்னொரு உண்மையையும் காட்டியது. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய ஓர் ஓபி07இன் வெளியீடு 1.8 வோல்ட்! ஓபி07சி என்றால் ஆஃப்செட் அதிகபட்சம் 150 மைக்ரோவோல்ட், இந்தச் சர்க்யூட்டில் 0.15 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மேலே அச்சடித்த பெயர் மட்டும்தான் ஓபி07. துல்லியமான சிப்புக்குக் காசு கொடுத்தால், பொருத்துவதற்கு முன் இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

8. எதில் காசு போடுவது

பிழை எங்கே பெரியதோ அங்கே. நான் முதலில் சிப்பில் போட்டேன், ரெசிஸ்டரை அப்படியே விட்டேன், பிழை பெரிதாகக் குறையவில்லை.

0.1 சதவீத ரெசிஸ்டர் நாலு வாங்கினால் 2.67 ஆம்பியர் 0.27 ஆகும். ஆனால் ஒரு ரெசிஸ்டரின் விலை எல்எம்358இன் விலையைத் தாண்டிவிடும். காசு வேண்டாம், பொறுமை இருக்கிறது என்றால் 1 சதவீத ரெசிஸ்டரில் இருபது வாங்கி, ஒரே மல்டிமீட்டரால் ஒரே மூச்சில் அளந்து, இரண்டு பக்கத்திலும் விகிதம் ஒத்துப்போகிற மாதிரி பொறுக்கி எடுக்கலாம். நமக்கு வேண்டியது விகிதப் பொருத்தம், துல்லியமான மதிப்பு அல்ல. வெயிலில் வைத்தால் இந்தப் பொருத்தம் கொஞ்சம் விலகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஷண்டை மைனஸ் பக்கத்துக்கு மாற்ற முடிந்தால் செலவே இல்லாமல் காமன் மோட் தலைவலி போய்விடும். உள்ளீடுகள் தரைக்கு அருகிலேயே இருக்கும். ரெசிஸ்டர் பொருத்தமும் சிஎம்ஆர்ஆரும் பெரிதாக வதைக்காது. மிஞ்சுவது ஆஃப்செட்: எல்எம்358இல் முக்கால் ஆம்பியர். அதை அளந்து கழிக்கலாம். கழித்த பிறகு 20 டிகிரி ஏறினால் 140 மைக்ரோவோல்ட், 21ஆல் பெருக்கினால் சுமார் 15 மில்லிஆம்பியர், விளக்குக்குப் போதும். கழிக்கவே வேண்டாம் என்றால் ஓபிஏ333, ஆஃப்செட் அதிகபட்சம் 10 மைக்ரோவோல்ட். அதன் சப்ளை 5.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பிரெட்போர்டில் குத்தும் வடிவில் வராது, அடாப்டர் பலகை வேண்டும். மைனஸ் பக்க ஷண்டின் குறை, சுமையின் தரையும் பேட்டரியின் தரையும் ஒன்றாக இல்லாமல் போவது. சார்ஜர், சுமை, ஆர்டுயினோ எல்லாம் வேறு ஒயர் வழியாகத் தரையில் சேர்ந்தால் கரன்ட் ஷண்டைச் சுற்றிப் போய்விடும்.

பிளஸ் பக்கம்தான் வேண்டும் என்றால் நாலு ரெசிஸ்டரோடு மல்லுக்கட்டாதீர்கள், இதற்கென்றே செய்த சிப்பை வாங்குங்கள். ஐஎன்ஏ219 தன் சப்ளை 5 வோல்ட்டே ஆனாலும் 26 வோல்ட் வரை காமன் மோட் தாங்கும். சிஎம்ஆர்ஆர் குறைந்தபட்சம் 100 டெசிபெல். 14 வோல்ட்டுக்கு 0.14 மில்லிவோல்ட், 14 மில்லிஆம்பியர். 525க்கும் ஒரு லட்சத்துக்கும் உள்ள தூரம் அது. நான் வாங்கியபோது மாட்யூல் இருநூறு ரூபாய் அளவில் கிடைத்தது. அதில் ஏற்கெனவே இருக்கும் 0.1 ஓம் ஷண்ட் 3.2 ஆம்பியர் வரைதான். அதில் 10 ஆம்பியர் விட்டால் 10 வாட் சூடு. முதலில் அதைக் கழற்றிவிட்டு, வெளியே உங்கள் 10 மில்லிஓம் ஷண்டை இணைக்க வேண்டும்.

இணைக்கும்போது உணர்வு ஒயர்களை (மின்னழுத்தத்தை அளக்க எடுக்கும் ஒயர்களை) ஷண்டின் உடம்பிலேயே, உள்பக்கத்தில் பற்றவையுங்கள். பெரிய கரன்ட் போகும் ஸ்க்ரூவிலிருந்து எடுக்காதீர்கள். அந்த இணைப்பில் 1 மில்லிஓம் இருந்தாலே பத்து சதவீதம் கூடுதலாகக் காட்டும். என் மீட்டர் கடைசியாகப் பொய் சொன்னது அதனால்தான், இரண்டு ஒயரையும் அரை அங்குலம் நகர்த்தியதும் நின்றுவிட்டது.